பச்சை வயர்

ஜூலை 3, வியாழன்

இன்று முடிவு செய்துவிட்டேன். பவர் சப்ளைக்குத் தனிப் பெட்டிதான்.

என் கையாலேயே கட்டிய ப்ரீஆம்ப். ரெக்கார்டு பிளேயரின் ஊசியிலிருந்து வருகிற சத்தம் மிக மிகச் சின்னது. அதை நூறு மடங்கு பெரிதாக்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புவது இதன் வேலை. வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. ஆனால் அதே பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மரையும் வைத்தேன், அங்கேதான் வினை. டிரான்ஸ்ஃபார்மரின் உறுமலையும் சேர்த்து நூறு மடங்காக்கிவிடுகிறது. வீணைக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து "ம்ம்ம்" கொட்டுவது போல ஒரு இரைச்சல்.

லேப்டாப் சார்ஜர் ஒன்றைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். உறுமல் போய்க் கீச்சல் வந்தது. அதைத் தூக்கி டிராயரில் போட்டேன். பழைய முறைதான் சரி. வட்டமான டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையர், பெரிய கெப்பாசிட்டர்கள் எல்லாம் ஓர் இரும்புப் பெட்டியில். அங்கிருந்து ஒரு மீட்டர் கேபிளில் சுத்தமான கரன்ட் மட்டும் ப்ரீஆம்புக்குப் போக வேண்டும்.

மனைவி சௌந்தரத்திடம் சொன்னேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டே, "பெட்டிக்கு ஒரு பெட்டியா? அது எப்ப குட்டி போடும்?" என்றாள். நுரையீரல்தான் சுருங்கிக்கொண்டு வருகிறது, வாய் அப்படியே இருக்கிறது.

ஜூலை 5, சனி

மெயின் கார்டு கேட் பக்கம் போய் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். கடைக்காரப் பையன் சின்னதைக் கொடுக்கப் பார்த்தான். வேண்டியதற்கு இரண்டு பங்கு பெரியதாக எடுத்தால்தான் சூடாகாது, உறுமாது என்று அவனுக்கு விளக்கினேன். பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் பாடம் நடத்திய வாய், சும்மா இருக்காது.

கனெக்டர் தேர்ந்தெடுக்கத்தான் நேரம் பிடித்தது. மைக்குக்கு மாட்டுகிற மூன்று பின் கனெக்டரைச் சிலர் போடுகிறார்கள். வேறு யாராவது அதில் தெரியாமல் மைக்கைச் சொருகினால் கதை முடிந்தது. நான் ஐந்து பின், திருகி மாட்டுகிற வகை எடுத்தேன். பின் நீட்டிக்கொண்டிருக்கும் பக்கம் ப்ரீஆம்பில். துளை உள்ள பக்கம் பவர் சப்ளையில். கேபிள் கழன்று கிடந்தாலும் யார் விரலும் கரன்டில் படாது. உயிர் விஷயத்தில் நான் அலட்சியம் செய்கிறவன் இல்லை.

வெண்டைக்காய், சௌந்தரத்தின் மாத்திரை, பால் வாங்கினேன். கரன்ட் போனால் உதவட்டும் என்று வைத்திருக்கிற சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை நிரப்பிக்கொண்டு வரச் சொல்லியிருந்தாள். கையில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்ததால் முடியவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம்.

ஜூலை 9, புதன்

வயரிங் முடிந்தது. இரண்டு பெட்டிக்கும் தனித்தனியாக எர்த் கொடுத்திருக்கிறேன். பவர் சப்ளைக்கு மூன்று பின் பிளக் வழியாக ஒன்று. ப்ரீஆம்ப் பெட்டியிலிருந்து தனியாக ஒரு பச்சை வயர், நேராகச் சுவர் பிளக்கின் எர்த்துக்கு. ஒன்று விட்டுப்போனாலும் இன்னொன்று காப்பாற்றும்.

போட்டோ எடுத்து ஞானதுரைக்கு அனுப்பினேன். ஞானதுரை தில்லை நகரில் பல் டாக்டர். என்னைப் போலவே ஆம்ப்ளிஃபையர் கட்டுகிற பைத்தியம். உடனே பதில் வந்தது. "சார், அருமை. ஆனா எர்த் ஒரு பெட்டிக்குப் போதுமே? கேபிள் வழியா அடுத்ததுக்குப் போயிடும். ரெண்டு பக்கமும் கட்டினா வளையமாகி இரைச்சல் வரும்."

பல் பிடுங்குகிறவர் எனக்கு எர்த்திங் சொல்லிக்கொடுக்கிறார். பதில் போடவில்லை.

ஜூலை 14, திங்கள்

இரைச்சல் இருக்கிறது.

அதே "ம்ம்ம்". மல்டிமீட்டரை வைத்து ஒவ்வோர் இடமாகப் பார்த்தேன். வோல்டேஜ் அச்சடித்த மாதிரி நிற்கிறது. என் பவர் சப்ளையில் குற்றம் ஒன்றும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் ஸ்க்ரூடிரைவரை வீசினேன், அது போய் நாள்காட்டியில் பட்டது.

அப்போதுதான் காதில் விழுந்தது. பக்கத்து அறையில் சௌந்தரத்தின் ஆக்சிஜன் மெஷின். உள்ளே ஒரு மோட்டார் ராத்திரி பகலாக உறுமிக்கொண்டே இருக்கிறது. ஒரே லைன், ஒரே சுவர். இவ்வளவு நாளாக இது எனக்குத் தோன்றவே இல்லையே!

"ரெண்டு நிமிஷம் நிறுத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நிறுத்தினேன். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. பாதி இல்லாவிட்டாலும் கணிசமாகக் குறைந்த மாதிரி என் காதுக்குப் பட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெஷினை மறுபடி போட்டுவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

சௌந்தரத்தை நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், மாதப் பரிசோதனைக்காக. ஓசூரிலிருந்து மகள் அருள்மொழி வந்து கூட இருக்கிறாள். வீட்டில் மெஷின் ஓடவில்லை. நல்ல சந்தர்ப்பம் என்று ரெக்கார்டு போட்டேன்.

இரைச்சல் இருந்தது. மாடி வீட்டு ஃபிரிட்ஜாக இருக்கலாம்.

ஜூலை 20, ஞாயிறு

அழைத்து வந்தாயிற்று. மெஷினை ஒரு நிமிஷமும் நிறுத்தக் கூடாது, விரலில் மாட்டுகிற கருவியில் எண் தொண்ணூறுக்குக் கீழே போகக் கூடாது, கரன்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட வேண்டும் என்று டாக்டர் ஒரு பிரசங்கமே செய்தாராம். அருள்மொழி அதை எனக்கு இரண்டு முறை ஒப்பித்தாள். அம்மாவுக்காக அவள் வாங்கிப் போட்ட இன்வெர்ட்டர்தான். நல்ல சரக்கு, அலை பிசிறே இல்லாமல் வருகிறது. அதை அவளுக்குத் தெரிந்தா வாங்கினாள்? நான் சொல்லித்தான் வாங்கினாள்.

மகள் பஸ் ஏறிய பிறகு சௌந்தரம் கேட்டாள். "நான் இல்லாத மூணு நாளும் நிம்மதியா பாட்டுக் கேட்டீங்களா?"

"எங்க, இரைச்சல்தான்."

"மெஷின்தான் ஓடலையே, அப்புறம் ஏது இரைச்சல்?"

இவளுக்கு எலக்ட்ரானிக்ஸைப் பற்றி என்ன தெரியும். மாடி வீட்டு ஃபிரிட்ஜ் என்றேன். "அப்ப அவங்க ஃபிரிட்ஜைப் போய் நிறுத்துங்க" என்றாள். பேசிவிட்டு மூச்சு வாங்க ரொம்ப நேரம் ஆனது.

ஜூலை 24, வியாழன்

கட்டிலையும் மெஷினையும் பின் அறைக்கு மாற்றினேன். ஹாலிலிருந்து நல்ல தூரம், நடுவில் இரண்டு கதவு. ஜன்னல் கொஞ்சம் சின்னதுதான். அங்கே அரிசி டின்கள் இருந்தன, அவற்றை ஓரமாகத் தள்ளினேன்.

கட்டில் பக்கத்தில் அவள் அழுத்துகிற காலிங் பெல் ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். எப்போதும் லைனில் கிடந்து உறுமுகிற சாமான். கழற்றிவிட்டேன். பதிலுக்கு ஓர் எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் கொடுத்தேன்.

"இதை வெச்சு என்ன பண்றது?"

"ஏதாவது வேணும்னா தட்டு. கேக்கும். ரெக்கார்டு ஓடும்போது மட்டும் தட்டாத."

"சரி. மூச்சுக்கிட்ட சொல்லி வெக்கிறேன்" என்றாள்.

ஜூலை 28, திங்கள்

மாலையில் ஒரு ரெக்கார்டு கேட்கிற நேரம் மட்டும் மெஷினை நிறுத்துவது என்று ஏற்பாடு. ஒரு பக்கம் இருபது நிமிஷம். அவளும் ஒப்புக்கொண்டாள். எதுவும் சொல்லவில்லை என்றால் ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள், அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

விரல் கருவியில் எண்பத்து நாலு காட்டியது. அது மலிவான சீனச் சாமான். அதையெல்லாம் நம்பி ஒரு முடிவுக்கு வர முடியாது.

அப்படியும் இரைச்சல் முழுசாகப் போகவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

என் மூளைக்கு இன்னும் துரு ஏறவில்லை.

பேப்பரில் போட்டிருக்கிறான். வரும் வியாழக்கிழமை பராமரிப்புப் பணி, எங்கள் பகுதியில் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை கரன்ட் இருக்காது. எல்லாரும் அலுத்துக்கொள்வார்கள். எனக்கோ துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. தெருவிலேயே ஒரு மோட்டார், ஒரு ஃபிரிட்ஜ், ஒரு மிக்ஸி ஓடாது. அந்த நேரத்தில் பேட்டரியில், அந்த இன்வெர்ட்டரில் என் பவர் சப்ளை ஓடினால்? அதைவிடச் சுத்தமான கரன்ட் இந்த ஊரில் எவனுக்கும் கிடைக்காது.

மெஷினும் அதிலேயே ஓடினால் மோட்டார் உதைக்கும், ஸ்பீக்கரில் "டப்" என்று கேட்கும். அதனால் ஸ்விட்ச் போர்டைத் திறந்து இன்வெர்ட்டர் லைனை ஹால் பிளக்குக்கு மாற்றினேன். பின் அறைக்குச் சாதாரண லைன். அன்றைக்குப் பாட்டுக் கேட்கிற இரண்டு மணி நேரத்துக்குச் சிலிண்டர் இருக்கிறதே, முடிந்ததும் பழையபடி மாற்றிவிடலாம்.

ஞானதுரையைக் கூப்பிட்டேன். நண்பர்கள் இரண்டு பேரோடு வருகிறாராம். அவருக்கு எர்த்திங் என்றால் என்ன என்று காட்டுகிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அருள்மொழி போன் செய்தாள். கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு மெஷின் வாங்கிவிட்டாளாம். சனிக்கிழமை காரில் வந்து அம்மாவை ஓசூருக்கு அழைத்துப் போகிறாள். சௌந்தரம் இப்போதே பையைக் கட்டிவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு புடவையாக மடித்தாள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே படுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் இத்தனை சிரிப்பைப் பார்த்து வருஷக் கணக்காகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. என்னை விட்டுப் போவதற்கா இவ்வளவு சந்தோஷம்?

"சிலிண்டர் நிரப்பினீங்களா?" என்று கேட்டாள்.

"நாளைக்கு."

ஆகஸ்ட் 6, புதன்

ஹாலைப் பெருக்கி, ஸ்பீக்கர்களை அளந்து வைத்தேன். சிலிண்டர் கடைக்குப் போக நேரமில்லை. முள்ளைப் பார்த்தேன், கால் பங்கு இருக்கும்.

ஆகஸ்ட் 7, வியாழன், பிற்பகல்

விருந்தினர்கள் இப்போதுதான் போனார்கள். சூட்டோடு எழுதிவிட வேண்டும்.

சரியாக ஒன்பதுக்குக் கரன்ட் போனது. சௌந்தரத்துக்குச் சிலிண்டரை மாட்டிவிட்டேன். "முள்ளு ரொம்பக் கீழ இருக்கேங்க, இன்வெர்ட்டர் என்ன ஆச்சு?" என்றாள். சும்மா பயப்படாதே, நான் பக்கத்தில்தானே இருக்கிறேன் என்றேன். என் கையைப் பிடித்தாள். அவளுடைய விரல் நுனிகள் நீலம் பாய்ந்திருந்தன. வாசலில் கார் ஹாரன் கேட்டது, போக வேண்டியதாயிற்று. சத்தம் வராமல் இருக்க இரண்டு கதவையும் சாத்தினேன்.

முதலில் வயலின். பிறகு நாகஸ்வரம். தெருவே செத்துக் கிடக்க, என் ஹாலில் மட்டும் சங்கீதம்! ஞானதுரை கண்ணை மூடிவிட்டார். கூட வந்தவர்களில் ஒருவர், "என்ன சார் இது, ஆள் எதிர்ல உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றார். முப்பது வருஷத்தில் ஒரு மாணவன் கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

ஞானதுரை மட்டும், "லேசா ஒரு இரைச்சல் இருக்கே சார்" என்றார். ரெக்கார்டு பழசு என்றேன்.

கடைசியாக வீணை ரெக்கார்டு. இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது, ஆனால் வீணையைப் போடாமல் அனுப்ப மனமில்லை. பாதியில் ஞானதுரை கண்ணைத் திறந்தார்.

"சார், ஏதோ தட்டுற சத்தம் கேக்குதே? டிங் டிங்னு?"

"ரெக்கார்டுல இருக்கு. பக்கத்துல யாரோ தாளம் போட்டிருப்பாங்க."

"தாளத்துக்குச் சரியா வரலையே."

"பழைய ரெக்கார்டிங். அப்படித்தான் இருக்கும்."

அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார். நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். வீணை முடிவதற்குள் அது தானாகவே நின்றுவிட்டது.

எல்லாருக்கும் காபி கொடுத்தேன். படியில் நின்று இன்னும் அரை மணி நேரம் பேசினோம். வெகு நாளைக்குப் பிறகு நான் நிறைவாக இருக்கிறேன். டம்ளர்களைக் கழுவ வேண்டும். பின் அறையில் சத்தமே இல்லை, தூங்குகிறாள் போல. இதை எழுதி முடித்துவிட்டுப் போய்ப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 23, சனி

நேற்று சௌந்தரத்தின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. உறவுக்காரர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கடைசியாக இன்று காலை அருள்மொழியும் கிளம்பினாள்.

வந்த நாளிலிருந்து அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "கரன்ட் போனா இன்வெர்ட்டர்லதானேப்பா மெஷின் ஓடணும்? ஏன் ஓடல?" இன்வெர்ட்டர் அன்றைக்குக் காலை வாரிவிட்டது என்றேன். லைன், சுமை, அலை என்று நான் விளக்கப் போனால் அழுதுகொண்டிருக்கிற பிள்ளைக்கு என்ன புரியும். அவள் விற்றவனைக் கூப்பிட்டு, "எங்கம்மாவைக் கொன்னுட்டீங்களே" என்று கத்தினாள். அந்த ஆள் நேரில் வந்து சோதித்தான். பின் அறைப் பிளக்கில் இன்வெர்ட்டர் ஒழுங்காகவே வேலை செய்தது. எப்படி இது என்று விழித்தான். எனக்கே பாவமாக இருந்தது.

அருள்மொழி வருவதற்கு முன்பே வயரைப் பழைய இடத்தில் மாட்டியிருந்தேன். எதையும் இருந்த இடத்தில் வைப்பது என் பழக்கம்.

கட்டி வைத்த பையை அவள் அப்படியே எடுத்துக்கொண்டு போனாள். டம்ளரையும் ஸ்பூனையும் நான் சமையலறையில் வைத்துவிட்டேன். மெஷினை வாடகைக்காரன் வந்து எடுத்துப் போய்விட்டான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மெஷின் இல்லை. பெல் இல்லை. வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. ரெக்கார்டு போட்டேன்.

இரைச்சல் அப்படியே இருந்தது.

சாயங்காலம் ஞானதுரை துக்கம் விசாரிக்க வந்தார். ஊரில் இல்லாததால் காரியத்துக்கு வர முடியவில்லையாம். அவர் கண் ப்ரீஆம்பின் பின்பக்கம் போனது. "சார், தப்பா நெனைக்காதீங்க, பாக்கலாமா?" என்று கேட்டு, எல்லாவற்றையும் அணைத்து, ஸ்க்ரூடிரைவர் எடுத்துச் சுவருக்குப் போகிற பச்சை வயரைக் கழற்றினார். கேபிள் வழியாகவே எர்த் வருகிறதா என்று மீட்டரில் பார்த்தார். வந்தது. பச்சை வயரை மாட்டாமலே ஸ்விட்சைப் போட்டார்.

இரைச்சல் போய்விட்டது. பாதியாகக் குறையவில்லை, முழுசாகப் போய்விட்டது. ஸ்பீக்கரில் காதை வைத்தேன். ஒன்றுமே இல்லை.

"அவ்வளவுதான் சார். இந்த ஒரு வயருதான்" என்றார்.

அவர் என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு அந்த வீணை ரெக்கார்டை எடுத்துப் போட்டார். இருவரும் கேட்டோம். தந்தியில் விரல் உரசுவது கூடக் கேட்டது. அதன்பின் வீணைக்காரர் மூச்சை இழுப்பதும் கேட்டது.

ரெக்கார்டு முடிந்தது. ஞானதுரை எழுந்திருக்காமல் சுற்றிக்கொண்டிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்."

"சொல்லுங்க."

"அன்னைக்கு இதுல ஒரு தட்டுற சத்தம் கேட்டுச்சே."

நான் காபி போட எழுந்தேன். அவர் பின் அறைக் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்க சம்சாரம் அன்னைக்கு எந்த ரூம்ல இருந்தாங்க?" என்று கேட்டார். பால் பொங்குகிற சமயம், அதனால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. திரும்பி வந்தபோது ஹாலில் ஆள் இல்லை. செருப்பைக் கூடக் கையில் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார், படியில் சத்தமே வரவில்லை. துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு போகக் கூடாதுதான். அதற்காக ஊற்றிய காபியையும் விட்டுவிட்டா போவார்கள்?

செப்டம்பர் 1, திங்கள்

காலையிலிருந்து வீணை ரெக்கார்டைத் திரும்பத் திரும்பப் போட்டேன். அந்த இடம் வரும், போகும். தட்டல் வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இவ்வளவு சுத்தமாகக் கேட்டால் மனிதன் எப்படி உட்கார்ந்திருப்பது?

மத்தியானம் பச்சை வயரை எடுத்துப் பழைய இடத்திலேயே முடுக்கினேன். "ம்ம்ம்" என்று வந்தது.

இப்போது பரவாயில்லை.